யதுர்ஷிகாவுக்கு அம்மாள் வந்த விடுமுறை

"வராதேங்கோ மச்சாள்! இஞ்சை யதுவுக்கு அம்மாள் வந்திருக்கு!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது ஜெயரூபிக்கே விளங்கியது. போன் காதோடு ஒட்டியிருக்க, மெல்லத் திரும்பிப் பார்த்தாள். அம்மாள் வந்ததாகச் சொல்லப்பட்ட அவளுடைய பதினைந்து வயது மகள் யதுர்ஷிகா, உடம்பில் ஒரு நுளம்புக்கடிகூட இல்லாமல், குசினி வாசலில் நின்று பொரித்த சூடை மீனை முள்ளோடு கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ அம்மாளே!" என்றாள் மறுமுனையில், வெள்ளவத்தையில், ஜெயரூபியின் கணவனுடைய அக்கா தவமலர்.

கொப்புளிப்பானைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற துணிச்சல் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. உடம்பில் கொப்புளம் போட்டால் அது அம்மாள். அம்மாள் வந்த வீட்டில் மீன் இல்லை, இறைச்சி இல்லை, தாளிதம் இல்லை, முக்கியமாக விருந்தாளிகள் இல்லை. அந்தக் கடைசி விதியைத்தான் ஜெயரூபியின் வாய் அவளைக் கேட்காமலே எட்டிப் பிடித்திருந்தது.

"அப்ப நாங்கள் வரேல்லை. பிள்ளையைக் கவனமாப் பார்," என்று தவமலர் போனை வைத்தாள்.

"எனக்கென்ன வந்திருக்கு?" என்று கேட்டாள் யதுர்ஷிகா, வாயில் மீனோடு.

"வாயை மூடு. மீனையும் ஒளி."

ஜெயரூபியைக் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு ஓகஸ்ட் லீவுக்கும் தவமலர் குடும்பம் கொழும்பிலிருந்து இவர்களுடைய முரசுமோட்டை வீட்டுக்கு வந்து இறங்கிவிடும். தவமலர், அவளுடைய புருசன் ஜெயந்தன், பிள்ளைகள் மூன்று. பத்து நாள் நிற்பார்கள். காலையில் இடியப்பம், மத்தியானம் நண்டுக்கறி, இரவில் பிட்டு. தவமலருக்கு முழங்காலில் வருத்தம், கதிரையை விட்டு எழும்பமாட்டாள். ஜெயந்தன் நல்ல மனுசன். ஆனால் சாப்பிடத்தான் வாயைத் திறப்பார். லீவு தொடங்கும்போது குசினிக்குள் போகிற ஜெயரூபி வெளியே வரும்போது பள்ளிக்கூடம் தொடங்கியிருக்கும். இப்படியே அவளுடைய பிள்ளைகள் இரண்டு பேரும் அவளுடைய உயரத்தைத் தாண்டி வளர்ந்துவிட்டார்கள். அவர்களோடு ஒரு லீவைக் கழித்த ஞாபகம் அவளுக்கு இல்லை.

இந்த வருசம் அவள் பொறுக்கவில்லை. சிறுபோகம் வெட்டி முடிந்த கையோடு, முல்லைத்தீவுக் கடற்கரையில் ஒரு சின்ன விடுதிக்குப் போன் எடுத்து, சனிக்கிழமைக்கு அறை சொல்லிவிட்டாள். தவமலர் வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறாள் என்று தெரிந்தது அதற்குப் பிறகு. பிள்ளைகளுக்கே அவள் இப்போதுதான் சொன்னாள்.

"முல்லைத்தீவோ?" என்றான் பதினேழு வயது மகன் கிருசாந்தன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "அம்மா, அது டூரில்லை. அது பஸ் றூட்."

"என்ர வகுப்பிலை எல்லாரும் மலைநாட்டு எல்லவுக்குப் போய்ப் பாலத்திலை நிண்டு படம் போட்டிருக்கினம்," என்றாள் யதுர்ஷிகா.

"பாலத்திலை நிண்டு படம் எடுக்கலாம். குளிக்கேலுமோ?" ஜெயரூபி கரண்டியை மேசையில் வைத்தாள். "டேய், அந்த ரோட்டாலை நான் சண்டை நேரம் ஒருக்காப் போனனான். தலையிலை மூட்டை, இடுப்பிலை நீ. என்ர வாழ்க்கையிலை எங்கையெண்டாலும் போனனானெண்டால் ஒண்டில் ஓடினனான், இல்லாட்டிச் செத்தவீட்டுக்குப் போனனான். இந்தமுறை சும்மா போகப்போறன். சும்மா கடலிலை குளிச்சுப்போட்டுச் சும்மா திரும்பி வரப்போறன். ஆர் மறிக்கினமெண்டு பாப்பம்."

கிருசாந்தன் போனைக் கவிழ்த்து வைத்தான். அதற்குப் பிறகு அவன் பஸ் றூட் என்று சொல்லவில்லை.

மறிக்க ஆள் வெளியில் தேட வேண்டியிருக்கவில்லை. கணவன் சுதாகரன் வயலிலிருந்து வந்து, கால் கழுவி, விசயத்தைக் கேட்டுவிட்டு விறாந்தை வாங்கில் அமர்ந்துவிட்டார். சுதாகரன் சாதுவான மனுசன். வயல், வீடு, தன்னுடைய தலையணை ஆகிய மூன்றுக்கும் அப்பால் ஓர் உலகம் இருப்பதை அவர் பொருட்படுத்துவதில்லை. கிளிநொச்சி ரவுனுக்குப் போனாலும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவார்.

"அக்காவை வரவேண்டாமெண்டு சொல்லிப்போட்டியோ?" என்றார். "வருசத்திலை ஒருக்கா வருதுகள். பாவங்கள். என்னாலையெண்டால் சொல்லேலாது."

"அதுதான் நான் சொன்னனான்."

அவர் தலையைச் சொறிந்தார்.

"சொன்னது சொல்லிப்போட்டாய். அக்கா ஊருக்குள்ளை ஆரையும் கேட்டால் என்ன செய்யிறது? படலையிலை குழை கட்டவேணும்."

அது நியாயமாகத்தான் பட்டது. அம்மாள் வந்த வீட்டுப் படலையில் வேப்பங்குழை தொங்கும். அதைக் கண்டு சனம் விலகிப் போகும். ஒரு கொத்துப் போதும். சுதாகரன் ஒரு கிளையையே முறித்துக்கொண்டு வந்து கட்டினார். ரோட்டிலிருந்து பார்த்தால் வீடு தெரியவில்லை.

பின்னேரமே வேலை காட்டியது. மீன்காரர் கோர்ன் அடிக்காமல் போய்விட்டார். ரியூசன் சேர் வட்ஸ்அப் குறூப்பில், யதுர்ஷிகாவோடு ஒரே வாங்கில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் வீட்டில் நிற்க வேண்டும் என்று போட்டார். ரியூசன் இல்லாமல் போனதற்கு நன்றி சொல்லி யதுர்ஷிகாவுக்கு இருதயப் படங்கள் வந்து குவிந்தன. இல்லாத அந்த வருத்தம் அவளுக்குப் பிடித்துப்போனது.

கிருசாந்தனுக்குத்தான் பிடிக்கவில்லை. வொலிபோல் விளையாடப் போனவனை மைதானத்து வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"எனக்கோ வந்தது? உவளுக்குத்தானே!" என்று கத்தினான்.

"எனக்கும் வரேல்லையடா!" என்று கத்தினாள் அவள்.

"ரண்டு பேரும் மெல்லமாக் கத்துங்கோ!" என்று எல்லாரையும் விடச் சத்தமாகக் கத்தினாள் ஜெயரூபி.

அடுத்த நாள் காலை சுதாகரன் கையில் போனோடு வந்தார்.

"அக்கா பிள்ளையைப் பாக்கவேணுமாம். வீடியோவிலை எடுக்கட்டோ?"

"என்ன விசர்க்கதை! என்னத்தைக் காட்டுறது?"

"ஏதோ செய்யுங்கோ. நான் ஓமெண்டு சொல்லிப்போட்டன்."

யதுர்ஷிகா அலுமாரியைத் திறந்து உதட்டுச்சாயத்தை எடுத்தாள். கன்னத்தில், நெற்றியில், கழுத்தில், கையில் என்று புள்ளி வைத்தாள். சிலதுக்கு நடுவில் பவுடர் தொட்டுச் சீழும் வைத்தாள். சித்திரப் பாடத்தில் அவளுக்கு எப்போதும் நல்ல புள்ளிகள்தான். போனில் அவள் முகத்தைக் கண்ட தவமலர், "காணும், காணும்! அம்மாளை இப்பிடிப் போனிலை பாக்கக்கூடாது!" என்று உடனே வெட்டிவிட்டாள்.

"போய்க் கழுவு," என்றாள் ஜெயரூபி.

யதுர்ஷிகா கழுவினாள். பிறகு சவுக்காரம் போட்டுக் கழுவினாள். பிறகு தேங்காயெண்ணெய் போட்டாள்.

"அம்மா, இது விடியவிடியப் போகாதெண்டு விளம்பரம் போடுறது. உண்மைதான்."

அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்து வீட்டுப் பாக்கியமக்கா உள்ளே வந்தாள். ஒரு கையில் பாய், மற்றக் கையில் இளநீர்க் குலை, கமக்கட்டில் வேப்பிலைக் கட்டு.

"கிட்ட வராதேங்கோ அக்கா, தொத்திப்போடும்!" என்று பாய்ந்தாள் ஜெயரூபி.

"எனக்குச் சின்னனிலையே வந்துபோட்டுது. இனி எனக்கென்ன? ஆர் வராட்டிலும் நான் வருவன். சுதாகரன் வயலடியிலை கண்டு சொன்னவர், ஜெயா தனியக் கிடந்து மாயுறாளெண்டு." அவள் யதுர்ஷிகாவின் முகத்தைப் பார்த்தாள். நெஞ்சில் கை வைத்தாள். "என்ர அம்மாளே! என்ன சிவப்பு! நான் இந்த வயசுக்கும் இப்பிடிக் காணேல்லை."

பாக்கியமக்கா வீட்டைக் கையில் எடுத்தாள். சூடைப் பொரியல் பூனைக்குப் போனது. வெங்காயம் வெளியே போனது. யதுர்ஷிகா வேப்பிலையின் மேல் படுக்கவைக்கப்பட்டாள், போன் பறிக்கப்பட்டது. வருத்தத்தின் சுகம் அந்த இடத்தோடு அவளுக்குத் தீர்ந்துவிட்டது.

"தண்ணி வாக்கும் மட்டும் ஆரும் படலை தாண்டேலாது," என்றாள் பாக்கியமக்கா. தண்ணி வார்ப்பது என்றால் அம்மாளை வழியனுப்புகிற முழுக்கு. அதுவரை அந்த வீடு அம்மாளுடைய வீடு.

"எப்ப அக்கா வாக்கலாம்?"

"கொப்புளம் வாடவேணும். அடுத்த கிழமைக்குப் பிறகு பாப்பம்."

சனிக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. ஜெயரூபி கிணற்றடியில் போய் நின்றாள். சுதாகரன் பின்னால் வந்து, மிகவும் ஆதரவாக, "என்ன செய்யிறது ஜெயா. அடுத்த வருசம் போவம்," என்றார்.

"அடுத்த வருசம் இவனுக்கு ஏஎல் சோதினை. அதுக்கு அடுத்த வருசம் இவன் எங்கை நிப்பானோ ஆருக்குத் தெரியும். அவளும் வளந்திட்டாள், பிறகு என்னோட வருவாளே? அடுத்த வருசம் எண்ட சொல்லை இனி இந்த வளவுக்குள்ளை நான் கேக்கக்கூடாது!"

சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்தது. அழாமல் முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே குசினிக்குப் போனாள்.

"பாக்கியமக்கா, நான் வற்றாப்பளை அம்மாளுக்கு நேர்த்தி வைச்சிருக்கிறன். சனிக்கிழமை குடும்பத்தோட போகவேணும். போகாட்டிக் குற்றம்."

நல்ல பொய். வற்றாப்பளை அம்மன் கோயில் முல்லைத்தீவுப் பக்கம். அம்மாளை அம்மாளைக் கொண்டே வெட்டியாயிற்று என்று ஜெயரூபி நினைத்தாள்.

பாக்கியமக்காவின் முகம் மலர்ந்தது. "நல்ல காரியம்! அம்மாளிட்டையெண்டால் படலை தாண்டலாம். நானும் வாறன். ஒரு வான் பிடிப்பம்!"

"அக்காவுக்கேன் கரைச்சல்..."

"அம்மாளிட்டைப் போறது கரைச்சலே?"

வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்குள் வான் நிறைந்துவிட்டது. முன்வீட்டு யோகநாதன் குடும்பத்தில் நாலு பேர், அவர்களுடைய சம்பந்தி வீட்டில் மூன்று பேர், பொங்கல் பானை, விறகு, ஒரு கட்டு வாழையிலை. கடைசியில் பாக்கியமக்கா இருக்கைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "வருத்தக்காரியைக் கோயிலுக்குக் கொண்டுபோகேலாது. யது தேப்பனோட வீட்டிலை நிக்கட்டும்," என்று தீர்ப்புச் சொன்னாள்.

"ஓம், ஓம். நான் நிக்கிறன்," என்றார் சுதாகரன். அவ்வளவு விரைவாக அவர் எதற்கும் சம்மதித்ததை ஜெயரூபி கலியாணத்தன்றுகூடக் காணவில்லை.

ஆக, பிள்ளைகளோடு கடலுக்குப் போக வெளிக்கிட்டவள், மகளையும் கணவனையும் வீட்டில் விட்டுவிட்டு, அயலட்டை முழுவதையும் ஏற்றிக்கொண்டு பொங்கப் போகிறாள். அங்கேயும் அவள்தான் அடுப்படியில் நிற்பாள். இதை அவள் அன்றிரவு முழுக்க யோசித்தாள்.

சனிக்கிழமை விடிந்ததும் வான் படலையில் வந்து நின்றது. பானை ஏறியது, விறகு ஏறியது, பாக்கியமக்கா முன் இருக்கையில் ஏறினாள். "ஜெயா, வா, நேரம் போகுது!"

ஜெயரூபி வந்தாள். தோளில் பெரிய பை. ஒரு கையில் கிருசாந்தன், மற்றக் கையில் முகம் முழுக்கப் புள்ளி வாடிப்போன யதுர்ஷிகா. பையைக் கீழே வைத்தாள். படலையில் தொங்கிய வேப்பங்கிளையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். கட்டு அறுந்து கிளை ரோட்டில் விழுந்தது.

"ஐயோ! என்ன செய்யிறாய்?"

"இவளுக்கு ஒண்டுமில்லை. ஒரு கொப்புளமுமில்லை. இது உதட்டுச்சாயம்." அவள் சேலைத் தலைப்பில் துப்பலைத் தொட்டு மகளின் கன்னத்தைத் தேய்த்துக் காட்டினாள். "நாங்கள் நேர்த்திக்குப் போகேல்லை. டூர் போறம். கடலிலை குளிக்கப் போறம்!"

பாக்கியமக்கா மெல்ல இறங்கினாள்.

"அம்மாளின்ர பேரிலை பொய் சொன்னனியோ?"

"சொன்னனான். அம்மாளும் பொம்பிளைதானே. அவாவுக்கு விளங்கும். விளங்காட்டி என்னோட கோவிக்கட்டும், நான் கதைச்சுக்கொள்ளுறன்."

"அப்ப உந்தப் பானை விறகோட நாங்கள் ஆருக்காகப் போய்ப் பொங்கிறது?"

"எனக்காகப் பொங்குங்கோ. இந்தப் புத்தி எனக்கு முந்தியே வரேல்லையே எண்டு சொல்லிப் பொங்குங்கோ."

பாக்கியமக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். கோபமா என்று தெரியவில்லை. கடைசியில், "கடலிலை என்னத்தைப் போட்டுக்கொண்டு குளிக்கப்போறாய்?" என்று மட்டும் கேட்டாள்.

"பழைய சல்வார்."

"அது காணும்," என்றுவிட்டுப் பாக்கியமக்கா வானில் ஏறினாள். வான் வற்றாப்பளைக்குப் போனது.

ஜெயரூபி வீட்டுப் பக்கம் திரும்பினாள். சுதாகரன் சாரத்தோடு வாசலில் நின்றார்.

"இஞ்சேருங்கோ. பஸ் வரப்போகுது. நீங்கள் வந்தாலும் போவம், வராட்டிலும் போவம்."

அவர் வந்தார். தலையணையைக் கமக்கட்டில் வைத்துக்கொண்டு வந்தார்.

பரந்தனிலிருந்து வந்த பஸ்ஸில் இடம் கிடைத்தது. தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஊர்கள் வந்து போயின. கிருசாந்தன் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "இந்த ரோட்டாலையோ அம்மா?" என்று கேட்டான்.

"ஓம். நீ வழி முழுக்க அழுதனி," என்றாள் ஜெயரூபி. "கொஞ்சத்தாலை கடல் வரும். பார்."

அவன் அவளுடைய மடியிலிருந்த பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பல்லு விளக்கினாயா என்று அவனை ஏசினாள்.

விடுதிக்காரி றஞ்சனி கரையூர்ப் பெண். கழுத்தில் செபமாலை, கையில் இரண்டு பாரை மீன். "வாங்கோ வாங்கோ. அங்காலை அறையிலை கொழும்பாலை ஒரு குடும்பம் நேற்றிலை இருந்து நிக்குது. விடிஞ்சால் பொழுதுபட்டால் தண்ணிக்குள்ளைதான்." பிறகு ஜெயரூபியைப் பார்த்து, "அக்காவுக்கு மத்தியானம் என்ன சமைக்க?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை ஆயிரம் தரம் ஜெயரூபி மற்றவர்களைக் கேட்டிருக்கிறாள். அவளை ஒருவரும் கேட்டதில்லை.

"எனக்குப் பிடிச்சதோ?" என்றாள். அது என்னவென்று யோசிக்க அவளுக்கு நேரம் தேவைப்பட்டது.

பிறகு கடல். பிள்ளைகள் இரண்டு பேரும் அவளை ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். முதல் அலை சல்வாரை நனைத்தது, இரண்டாவது அலை அவளை இருத்தியது. யதுர்ஷிகாவின் முகத்தில் மிச்சமிருந்த சிவப்பை உப்புத்தண்ணி கொண்டு போனது. கிருசாந்தன், வீட்டில் சிரிப்பதற்குக்கூடக் கஞ்சத்தனம் காட்டுகிறவன், அலைக்கு மேலால் துள்ளித் துள்ளிக் கத்தினான். ஜெயரூபி இடுப்பளவு தண்ணியில் நின்று வாய் நிறையச் சிரித்தாள். நான் போகமாட்டேனென்று ஆர் சொன்னது என்று அவளுக்குக் கடலைப் பார்த்துக் கேட்கவேண்டும்போல இருந்தது. சுதாகரன் கரையில் செருப்புகளுக்குக் காவல் இருந்தார்.

அடுத்த அலை ஒரு தொப்பியைக் கொண்டுவந்து அவளுடைய வயிற்றில் ஒட்டியது. தொப்பியைத் துரத்திக்கொண்டு ஒரு பெண், தண்ணியைக் காலால் உதைத்து உதைத்து, சின்னப்பிள்ளை வேகத்தில் ஓடி வந்தாள். முழங்கால் வருத்தக்காரியின் ஓட்டமாக அது இல்லை. ஆனால் வந்தது தவமலர்.

தவமலரின் பின்னால் ஜெயந்தனும் மூன்று பிள்ளைகளும் வரிசையாக வந்து நின்றார்கள்.

"மச்சாள்," என்றாள் தவமலர், வருத்தக்காரப் பிள்ளைக்காக விரதம் இருந்திருக்க வேண்டியவள். "நாங்கள்... ரயிலுக்கு ரிக்கெற் எடுத்தாச்சு... லீவும் போட்டாச்சு... வழியிலை சும்மா..." பிறகு அவளுடைய கண் யதுர்ஷிகாவின் முகத்துக்குப் போனது. கொப்புளமும் இல்லை, தழும்பும் இல்லை.

ஜெயரூபி தொப்பியை அவளுடைய கையில் கொடுத்தாள். பயம் வரவேண்டிய இடம். வரவில்லை. பயத்தைப் படலையடியிலேயே குழையோடு எறிந்துவிட்டு வந்திருந்தாள்.

"ஓம், பொய்தான் சொன்னனான். அம்மாளுமில்லை, ஆத்தாளுமில்லை. எத்தினை வருசம் மச்சாள்? லீவெண்டால் எனக்கு அடுப்படி. என்ர பிள்ளையள் வளந்ததை நான் இடியப்பத் தட்டுக்கு மேலாலைதான் பாத்தனான். நீங்கள் கோவிச்சாலும் பறவாயில்லை, பகைச்சாலும் பறவாயில்லை. இனி ஓகஸ்ட் லீவு என்ர. நீங்கள் வரக்கூடாது!"

தவமலர் அழப்போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் அழவில்லை. திரும்பித் தன் புருசனைப் பார்த்தாள். ஜெயந்தன் முகத்தில் வழிந்த தண்ணியைத் துடைத்துக்கொண்டு கரையைப் பார்த்தார். கரையில் சுதாகரன் செருப்புகளையும் தலையணையையும் பொறுக்கிக்கொண்டு ரோட்டுப் பக்கமாக எட்டி நடக்கத் தொடங்கியிருந்தார்.

"தங்கச்சி," என்றார் ஜெயந்தன், "வரவேணுமெண்டு நாங்கள் எப்ப கேட்டனாங்கள்? 'நீங்கள் வந்து நிக்காட்டி இவள் என்னை எங்கையாவது டூருக்கு இழுத்துக்கொண்டு போயிடுவாள், எப்பிடியெண்டாலும் வந்து காப்பாத்துங்கோ' எண்டு வருசா வருசம் அழுதழுது போன் எடுக்கிறது உம்மட மனுசனெல்லோ!"